நூற்றுப் பதினாறு பேரும் ஒரே ஆள்

எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. ராயபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினால், எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளை எண்ணிக்கொண்டே போவேன். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கணக்கு விட்டுப்போகும். பிறகு அன்று முழுக்க எதையோ வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். அதனால் ஓரத்து இடமாகப் பார்த்து, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருவேன். நாளடைவில் என்னிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. கணக்கு தவறாமல் வந்தது. அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளைப் பற்றிச் சொல்கிறேன். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் அதைத் தொடப் பயந்தார்கள். எனக்கும் பயம்தான், ஆனால் அது என்னைவிட வேகமாக எண்ணுகிறது என்று தெரிந்ததும் விட மனசில்லை. புத்தகம் வாங்கிப் படித்தேன். ஓய்வு பெறும் வயது வந்தபோது, யார்டின் கம்ப்யூட்டர் நிரல் முழுவதும் என் கைப்பட எழுதியதாக இருந்ததால், 'இன்னும் கொஞ்ச காலம் இருங்கள்' என்று ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டார்கள். வீட்டில் எனக்காகக் காத்திருக்க யாரும் இல்லை. மனைவி இறந்திருந்தாள். ஒரே மகன் மெல்போர்னில் இருந்தான், அதே கம்ப்யூட்டர் வேலையில்.

நான் எழுதியவற்றில் வெளி உலகம் பார்த்தது ஒரே ஒரு பக்கம். லாரி முதலாளிகள் ஓயாமல் போன் செய்து 'என் வண்டி உள்ள போச்சா, லோடு ஏறிச்சா' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்காக இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டேன். கன்டெய்னர் எண்ணைத் தட்டினால், வண்டி வரிசையில் நிற்கிறதா, கேட்டைத் தாண்டியதா, லோடு ஏறுகிறதா, வெளியே போய்விட்டதா என்று காட்டும். மேலே யார்டின் வரைபடம், சிவப்பும் நீலமுமாக. டோல்கேட்டிலும் மணலியிலும் பாரிமுனையிலும் இருந்த பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்து லாரிக்காரர்கள் அதைப் பார்த்தார்கள்.

யார் யார் பார்த்தார்கள் என்பதை நிரல் ஒரு பதிவில் எழுதி வைக்கும். ஆள் பெயர் தெரியாது. எந்த முகவரியிலிருந்து வந்தார்கள் என்பது மட்டும் தெரியும்: புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். காலை முதல் டீ வந்ததும் முந்தைய நாள் பதிவைத் திறந்து, எத்தனை வெவ்வேறு முகவரிகள் என்று எண்ணுவேன். யாரும் கேட்காத கணக்கு. அதில் பலரை எனக்குத் தெரிந்துவிட்டது. இது டோல்கேட் சென்டர், இது பாரிமுனை ஏஜென்ட் ஆபீஸ், இது மணலியில் எந்நேரமும் பொத்தானைத் தட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பொறுமை கெட்டவர். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் யாராவது இரண்டு நாள் வராவிட்டால் என்னவோ ஏதோ என்று இருக்கும்.

அவற்றில் ஒரு முகவரி 37 என்று முடியும். வார நாட்களில், எனக்கு முதல் டீ வரும் நேரத்தில் அது வரும். முதல் பக்கத்தைத் திறக்கும். கன்டெய்னர் எண் எதையும் தட்டாது. போய்விடும். வண்டியும் இல்லாமல் சரக்கும் இல்லாமல் இந்தப் பக்கத்தில் யாருக்கு என்ன வேலை?

ஒரு நாள், மகன் அலுவலகத்திலிருந்து அனுப்பிய ஈமெயிலின் தலைப்பகுதியை விரித்துப் பார்த்தேன். கடிதம் எந்த வழியாக வந்தது என்று அதில் வரி வரியாக இருக்கும். நான்கு எண்கள். நான்கும் அதே, கடைசியில் 37. இரண்டு தடவை சரிபார்த்தேன். பிறகு மூன்றாவது தடவையும்.

எங்கள் காலை அவனுக்கு மதியச் சாப்பாட்டு வேளை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்பன் எழுதிய பக்கம் ஓடுகிறதா என்று பார்க்கிறான். அவ்வளவுதான். அது ஓடினால் நானும் ஓடுகிறேன் என்று அர்த்தம்.

இதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். மூன்று கேள்விகள்.

"நைனா, நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சு."

"மாத்திரை?"

"போட்டேன்."

"எப்ப வர்ற?"

"பாக்கலாம்."

மூன்றாவது பதிலுக்குப் பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. அவன் அங்கே கூப்பிடுவதும் நான் இழுத்தடிப்பதும் பழகிப்போன விஷயம். எங்கள் பக்கத்தில் தெருவில் போகிற யாரையும் நைனா என்று கூப்பிடுவார்கள். ஆனால் அப்பா என்ற பொருளில் என்னை அப்படிக் கூப்பிட ஒருவன்தான் உண்டு, அவனும் போனில்தான். நான் கவனிக்கிறேன் என்று தெரிந்தால் கூச்சப்பட்டு அந்தப் பக்கத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுவான். அவன் சுபாவம் அப்படி. என் சுபாவமும் அதுதான்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. சாலையில் தண்ணீர் நின்று லாரிகள் நகரவில்லை. நகராத வண்டி எங்கே நிற்கிறது என்று எல்லா முதலாளிகளும் ஒரே நேரத்தில் பார்க்க ஆரம்பித்தார்கள். என் பழைய கம்ப்யூட்டர், கேட்ட ஒவ்வொருவருக்கும் அந்தப் பெரிய வரைபடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துக் கொடுத்து மூச்சு வாங்கி நின்றுபோனது. மேனேஜர் என் மகனைவிட இளையவர். "சார், எதாவது பண்ணுங்க, இல்லாட்டி வெளி ஆள வச்சுப் புதுசா செஞ்சுக்கலாம்" என்றார். அந்த 'வெளி ஆள்' எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மூன்று கேள்விகளும் முடிந்த பிறகு, போனை வைப்பதற்குள் விஷயத்தைச் சொன்னேன்.

"முன்னாடி ஒரு ரிவர்ஸ் பிராக்ஸி வை நைனா" என்றான். குரலே மாறிவிட்டது. "உன் மெஷின் உள்ளயே இருக்கட்டும். வெளிய இருந்து வர்ற எல்லாரும் மொதல்ல முன்னாடி மெஷின் கிட்டதான் வருவாங்க. மேப்பு மாதிரி மாறாத சமாச்சாரத்த அதுவே கையில வச்சுக்கினு குடுத்துடும். வண்டி எங்கன்னு கேட்டா மட்டும் உள்ள வந்து உன்ன கேட்டு, வாங்கிக்கினு போய்க் குடுக்கும்."

"உள்ள இருக்கறது யாருன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. அவங்க பேசறது முன்னாடி இருக்கறது கிட்ட மட்டும்."

நாங்கள் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. பதினொரு குறிப்புகள் எழுதிக்கொண்டேன். பன்னிரண்டாவதாக ஏதாவது கேட்கலாமா என்று யோசித்தேன், தோன்றவில்லை.

கணக்குப் பிரிவு ஒதுக்கி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தது. யார்டில் தரை ஈரம் எப்போதும் காயாது, அதனால் இரண்டு மரப்பலகைகளை அடுக்கி அதன் மேல் வைத்தேன். வெளியிலிருந்து வந்த ஒயரை என் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி அதில் செருகினேன். அதிலிருந்து என்னுடையதற்கு ஒரு முழ ஒயர். லினக்ஸ் ஏற்றி, எந்த வாசலில் நிற்க வேண்டும், பின்னால் யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதினேன். முதல் தடவை, பின்னால் இருக்கும் முகவரிக்குப் பதிலாக அதன் சொந்த முகவரியையே கொடுத்துவிட்டேன். அது தன்னையே கேட்டு, தன் பதிலுக்குத் தானே காத்து, திரும்பத் தன்னையே கேட்டுக்கொண்டு நின்றது. ஒற்றை அறையில் அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கே என்னவோ போல இருந்தது. சட்டென்று திருத்தினேன். ஹார்ட் டிஸ்கில் இடம் குறைவு என்பதால் அது தனியாகப் பதிவு எழுத வேண்டாம் என்றும் நிறுத்தினேன். என் பதிவு இருக்கிறதே, ஒரு யார்டுக்கு இரண்டு எதற்கு?

பக்கம் பளிச்சென்று வந்தது. மேனேஜர் வந்து பார்த்து, "பரவால்லியே சார்" என்றார். அன்று வெளி ஆள் பேச்சு எழவில்லை.

மறுநாள் காலை நான் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே கேட்டில் சத்தம். ஐந்து பேர், அதில் ஒருவர் மூன்று லாரி வைத்திருக்கும் திருவொற்றியூர் அம்மா.

"இன்னா பெருசு! உன் பொட்டி என்னையப் பாத்து 'அளவுக்கு மேல கேட்டுட்டீங்க'ன்றான்? ஒரே ஒரு தபா தட்னேன். ஒரே ஒரு தபா! அதுக்கே சலிச்சுக்கினா எப்டி?" என்றார் அந்த அம்மா.

"எங்க எல்லாருக்கும் அதேதான் சொல்றான்" என்றார் பக்கத்தில் நின்றவர். "டோல்கேட்டாண்ட சென்டருல பத்துப் பேரு குந்திகினு கீறோம். பத்துப் பேருக்கும் அதே பதிலு. பேஜாரா பூட்சு."

"மழைல லாரி போவல. இப்ப கம்ப்யூட்டரும் போவலியா?" என்று அந்த அம்மா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

'அளவுக்கு மேல்' என்ற வாசகத்தை எழுதியவன் நான்தான். அந்த மணலிக்காரர் போன்றவர்களுக்காக ஒரு விதி வைத்திருந்தேன்: ஒரே முகவரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருநூறு தடவைக்கு மேல் கேட்டால் கதவைச் சாத்து. இத்தனை நாள் அது ஒழுங்காக வேலை செய்தது. உள்ளே போய்ப் பதிவைத் திறந்தேன். புது ஏற்பாட்டுக்கு முந்தைய நாள் நூற்றுப் பதினாறு முகவரிகள். ஏற்பாட்டுக்குப் பிறகு, ஒன்று.

ஒன்றுதான். முன்னால் நான் நிறுத்திய கம்ப்யூட்டரின் முகவரி. உள்ளே வந்து கேட்பது அது மட்டும் என்பதால், என் நிரலுக்குத் தெரிந்ததும் அது மட்டும்தான். நூற்றுப் பதினாறு பேரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். அந்த ஒரே ஆள் இருநூறு தடவைக்கு மேல் கேட்டான் என்று எல்லோருக்குமாகச் சேர்த்துக் கதவைச் சாத்திவிட்டது.

"அந்த ரூலைத் தூக்கிடுங்க சார், இப்பதான் முன்னாடி மெஷின் தாங்குதே" என்றார் மேனேஜர். தூக்கினேன். இரண்டே வரி. கேட்டில் கூட்டம் கலைந்தது. அந்த அம்மா யாரிடமோ எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டுப் போனார். எல்லோருக்கும் காரியம் முடிந்தது.

எனக்கு முடியவில்லை. பதிவு முழுக்க ஒரே எண், வரிக்கு வரி. டோல்கேட்டும் இல்லை, மணலியும் இல்லை. 37 இல்லை.

மறுநாள் முதல் டீ வேளையில் வந்த வரிகளைத் தனியே பிரித்தேன். முதல் பக்கத்தைத் திறந்துவிட்டுக் கன்டெய்னர் எதையும் கேட்காமல் போனவை ஒன்பது. அந்த ஒன்பதில் எது அவன்? ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். கதவு சாத்தியிருந்த அன்று அவனும் வந்திருப்பான். 'அளவுக்கு மேல் கேட்டுவிட்டீர்கள்' என்று என் பக்கம் அவனிடமும் சொல்லியிருக்கும். நாளுக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிற பிள்ளையிடம்! அதற்குப் பிறகு வராமல் இருந்துவிட்டானோ?

ஒன்பது, பிறகு ஏழு, பிறகு பன்னிரண்டு. இந்தக் கணக்கு எதையும் சொல்லவில்லை. ஆட்டோவில் போகும்போது லாரிகளை எண்ண மறந்த நாள்கூட உண்டு. வீட்டில் டீயும் பன்னுமாகக் காலைப் பொழுதை ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. நாஷ்டா ஆச்சு, மாத்திரை போட்டேன். அவன் மூன்றாவது கேள்விக்கு வருவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அந்த பிராக்ஸி வச்சதுலேர்ந்து எல்லாரும் ஒரே அட்ரஸ்ல வராங்க. யார் யாருன்னு தெரியல. அத சரி பண்ண முடியுமா?"

"ஐயோ, அத சொல்ல மறந்துட்டேன். பிளாக் ரூல் எதாவது வச்சிருந்தியா? எல்லாரையும் வெளிய தள்ளிச்சா?"

"தள்ளிச்சு. எடுத்துட்டேன்."

"எடுத்துட்டல்ல? அப்புறம் எதுக்கு நைனா அட்ரஸு?"

"எண்ணிக்கைக்கு."

"மேனேஜர் கேக்கறாரா?"

"இல்ல."

"பின்ன யாரை எண்ணப் போற?"

பொய் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. போனில் அவன் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அங்கே ஏதோ பறவை கத்தியது. இங்கே ஜன்னலுக்கு வெளியே காசிமேட்டிலிருந்து வந்த மீன் வேன் ஒன்று பின்னால் எடுப்பதற்காக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"அது நம்ம தெரு வேனா?" என்றான்.

"ஆமா."

பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்: "நான் ஸ்கூல் லீவுல யார்டுக்கு வருவனே, அப்ப கேட்ல டோக்கன்காரர் ஒருத்தர் நிப்பாரு, ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இருந்தது. அவனுக்கும் இருக்கும் என்று நினைக்கவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. லாரிக்காரர்கள் ஆளாளுக்கு கேட்டில் வந்து நிற்க மாட்டார்கள். நாற்பது வண்டிக் காகிதத்தையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒருவரிடம் கொடுத்தனுப்புவார்கள். அவர் ஒவ்வொரு வண்டிக்கும் டோக்கன் வாங்குவார். கேட்டில் வைத்திருந்த நோட்டில் நாற்பது வரியிலும் அவர் பெயரே இருந்தது. எந்த வண்டி யாருடையது என்று தெரியாமல் பெரிய ரகளை ஆன பிறகு, பெயருக்குப் பக்கத்தில் 'யாருக்காக' என்று ஒரு கட்டம் போட்டார்கள்.

"அதேதான்" என்றான். "முன்னாடி மெஷின் உள்ள வர்றப்ப, யாருக்காக வந்திருக்குன்னு ஒரு வரி சேர்த்துச் சொல்லும். நீ அந்த வரியப் படிச்சுப் பதிவுல எழுதிக்க. ஆனா நம்ம மெஷின் சொன்னா மட்டும் நம்பு. வேற யாராவது அந்த வரியப் போட்டுக்கினு வந்தா நம்பாத."

எழுதிக்கொண்டேன். அன்று அவன் மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. மறந்தானா, விட்டுவிட்டானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை யார்டுக்குப் போனதும் முதல் வேலையாக முன்னால் ஒரு வரியும் பின்னால் நான்கு வரிகளும் சேர்த்தேன். டோல்கேட் திரும்ப வந்தது. பாரிமுனை வந்தது. மணலிக்காரர் ஒரே மூச்சில் பதினேழு தடவை தட்டினார். அவரைக் கண்டு இப்படிச் சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததே இல்லை. டீ வந்தது. ஆறியது. டம்ளரின் மேல் ஆடை படிந்தது.

37 வந்தது.

முதல் பக்கத்தைத் திறந்தது. அதோடு போகவில்லை. அடுத்த வரியில், எங்கள் தளத்தில் இல்லாத ஒரு பக்கத்தைக் கேட்டிருந்தது. யாராவது தவறாகத் தட்டினால் இப்படி வரும். என் நிரல் 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்று பதில் கொடுத்து, பக்கத்தில் 404 என்ற எண்ணைப் போட்டு வைக்கும். கேட்ட பக்கத்தின் பெயர் ஆங்கில எழுத்தில், ஆனால் தமிழில் இருந்தது.

நைனா-நாஷ்டா-ஆச்சா.

பக்கத்தில் 404.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். யாராவது உள்ளே வருகிறார்களா என்று பார்த்தேன், வரவில்லை. பதிவு ஒருவழிப் பாதை. வருகிறவர்கள் சொல்வது எனக்குத் தெரியும். நான் திரும்பச் சொல்ல அதில் இடமில்லை. ஈமெயில் எழுதலாம், ஆனால் அதில் எழுதினால் மகனே நலமா என்று ஆரம்பித்து நலம் என்று முடிந்துவிடும். கடைசியில் வேறொன்று செய்தேன். அவன் கேட்ட பெயரிலேயே ஒரு பக்கத்தை உண்டாக்கினேன். அதில் ஒரு வரி: 'ஆச்சு. இட்லி நான்கு.'

சரியாகத் திறக்கிறதா என்று நானே ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

அடுத்த நாள் அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் கணக்கில் இரண்டு இருந்தது. ஒன்று நான் சோதித்தது. மற்றது 37. அதற்கு அடுத்த வரியில் அவன் இன்னொரு இல்லாத பக்கத்தைக் கேட்டிருந்தான்.

பொய்-சொல்லாத.

அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? அவன் அம்மா போன பிறகு நான் டீயும் பன்னுமாக இருப்பது அவன் அறியாததா? நான் ஒரு எண்ணைத் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டது அதுவே முதல் தடவை. எனக்கு அது பெரிய உறுத்தலாக இருந்தது.

மறுநாள் வழக்கத்துக்கு முன்னதாகக் கிளம்பி, திருவொற்றியூரில் இறங்கி, ஒரு ஓட்டலுக்குள் போனேன். கூட்டம் இல்லை. இருவர் உட்காரும் மேசை; எதிர் நாற்காலியில் என் பையை வைத்துக்கொண்டேன். நான்கு இட்லி என்றேன். சாம்பார் ஊற்ற வந்தவர், "ரெண்டு ரெண்டா வாங்கிக்கோ பெருசு, ஆறிடும்" என்றார். வேண்டாம், ஒரே தட்டில் நான்கும் வேண்டும் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வைத்துப் போனார்.

ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றோடு வயிறு நிறைந்துவிட்டது. எழுதியாகிவிட்டதே என்று நான்காவதையும் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டு முடித்தேன்.